நிறுத்து என்றால் நின்றுவிடுமா?

கோவில்பட்டிக்கு அருகில், கரிசல் மண்ணில் அமைந்த சிற்றூர் இடைசெவல். அவ்வூரில் பிறந்த கி. ராஜநாராயணனுக்கு, அதே ஊரில் பிறந்த நண்பர் கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் நூலாக வெளிவந்திருக்கின்றன. கடிதத்தை அஞ்சற்பெட்டியில் இட்டவர், மறுமொழி வரும்வரை அங்கேயே காத்து நிற்பதில்லை. வீடு திரும்பித் தம் வேலையைப் பார்க்கிறார். கம்ப்யூட்டர் நிரல்களிலும் இம்முறை உண்டு. இதனை ‘அசின்க்ரனஸ்’ அழைப்பு என்பர்.

அனுப்பியவர் மனம் மாறி, “இனிப் பதில் வேண்டா” என்று இருந்துவிட்டால், வழியிலுள்ள கடிதம் நின்றுவிடுமா? இக்கேள்விதான் இன்று நாம் ஆராயவிருப்பது.

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலை ஒன்றின் அலுவலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்திற்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை அனுப்ப ‘ஈ-வே பில்’ வேண்டும். இம்முறை 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மேசைக் கம்ப்யூட்டரிலுள்ள கணக்கு நிரல், அரசின் சர்வரை இணையவழி அழைத்து, பில்லின் எண்ணைப் பெறுகிறது. பதில் வரும்வரை நிரல் அசையாது நின்றால், திரை உறைந்துபோகும். ஆதலின் அழைப்பைத் தனியே அனுப்பிவிட்டு, திரையில் ‘ரத்து’ என்றொரு பொத்தானையும் வைக்கிறார்கள்.

அப்பொத்தானை அழுத்தினால் நடப்பது யாது? 2010-இல் வெளிவந்த டாட்நெட் நான்காம் பதிப்பு, இதற்கெனக் ‘கேன்ஸலேஷன் டோக்கன்’ என்னும் ஏற்பாட்டைத் தந்தது. அது வேலை செய்வோனைக் கையைப் பிடித்து இழுப்பதன்று. தொலைவிலிருந்து கொடி காட்டுவது போன்றது. வேலை செய்யும் பகுதி அக்கொடியை அவ்வப்போது பார்த்து, தானே நின்றுகொள்ளவேண்டும். யாரும் கொடி காட்டாவிடினும், அங்குள்ள ‘எச்டிடிபி கிளையன்ட்’ வழக்கமாக 100 வினாடி காத்திருந்து தானே கைவிட்டுவிடும்.

கேட்பு இன்னும் புறப்படவில்லையெனில், கவலையில்லை. அது சர்வரை அடைந்து பதில் வராதிருக்கும் நிலைதான் சிக்கலானது. பழைய எச்டிடிபி முறையில் இணைப்பு மூடப்படும். 2015-இல் வெளியான இரண்டாம் பதிப்பில் அந்த ஓர் ஓடையை மட்டும் முறிக்கலாம். எனினும் இரண்டும் நாம் கேட்பதை நிறுத்திக்கொள்வதே அன்றி, சர்வர் செய்வதை அழிப்பது அன்று. அதற்குள் அங்கே பில் உருவாகியிருக்கலாம். சர்வர் இணைப்பு முறிந்ததைக் கவனியாமலும் இருக்கலாம்.

வாயிலில் லாரி நிற்கிறது. எழுத்தர் அவசரத்தில் மீண்டும் பொத்தானை அழுத்துகிறார். ஒரே சரக்குக்கு இரண்டாம் கேட்பு! எனவே நிரலை எழுதுவோர் மூன்றை மறத்தலாகாது. ஒன்று, வெறும் தகவல் கேட்கும் அழைப்பைத் திரும்ப அனுப்பலாம்; புதிதாக ஒன்றை உண்டாக்கும் அழைப்பை விசாரியாமல் திரும்ப அனுப்பலாகாது. இரண்டு, ஒவ்வொரு கேட்புக்கும் இன்வாய்ஸ் எண் போன்ற அடையாளத்தை இணைத்து, “இதற்குப் பில் ஆயிற்றா?” என்று முதலில் வினவவேண்டும். மூன்று, ரத்தை அழுத்தியவுடன் “ரத்தாயிற்று” என்று திரையில் காட்டுவது பொய்யாகலாம்; “காத்திருத்தல் நின்றது; நிலையைச் சரிபார்க்கவும்” என்பதே உண்மை.

பில் உருவாகியிருந்தால், அதனை நீக்கத் தனி வழி உண்டு: வழியில் அதிகாரிகளால் சரிபார்க்கப்படாதிருப்பின், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யவேண்டும். அது புதியதொரு கேட்பு. முதற் கேட்பின் முறிவு அன்று.

மாணவர்களே, காத்திருப்பதைக் கைவிடுவது வேறு, செய்ததை மாற்றுவது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து எழுதப்பட்ட நிரலே நம்பத்தக்கது. இணைப்பு இல்லாத நேரத்தில் ஆலை லாரி வாயிலில் தாமதிக்கலாம்; ஆனால் தவறான பில்லோடு புறப்படலாகாது.