கிணற்று மோட்டாரும் கம்பியில் வீணாகும் மின்சாரமும்

சென்ற கோடையில் கோயமுத்தூர் ஜில்லாவின் ஒரு கிராமத்துக்கு நாம் சென்றிருந்தபோது, தோட்டக்காரர் ஒருவர் மனுவொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கிராம அதிகாரியிடம் நின்றுகொண்டிருந்தார். லைனில் மின்சாரம் குறைவாய் வருகின்றது என்பதும், அதனால் தமது ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டாரின் காயில் இரண்டு மாதங்களில் இரண்டு முறை எரிந்துபோயிற்று என்பதும் மனுவின் சாரம். வயர்மேன் ஒருவர் முன்னமே கிணற்றடியில் அளந்து பார்த்து, 230 வோல்ட் சரியாகவே இருக்கின்றது என்று சொல்லிப் போயிருந்தார். தோட்டக்காரருக்கு அதில் நம்பிக்கையில்லை. மனுவை ஒரு நாள் நிறுத்திவைக்கும்படி நாம் கேட்டுக்கொண்டோம்.

பைக்காராவின் மின்சாரம் 1932-ஆம் ஆண்டில் உற்பத்தியாகத் தொடங்கியது முதல், கோயமுத்தூர்ச் சீமையில் கவலை இறைத்த கிணறுகள் பம்புகளுக்கு மாறிவந்தன. 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் சேர்ந்துகொண்டன. இத்தனை காலம் பழகியும் வோல்ட், ஆம்பியர் என்னும் இரண்டு சொற்களின் உறவை நம்மவரில் பலர் அறியாதிருக்கின்றனர். அஃது ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலுமேயன்றி வேறில்லை.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். மேல்தொட்டியின் உயரத்தைப் போன்றது. ஆம்பியர் என்பது ஓடும் அளவு. குழாயில் பாயும் நீரைப் போன்றது. குழாய் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் கடைமடையில் நீர் வேகமிழப்பதுபோல், மெல்லிய நீண்ட கம்பியும் மின்சாரத்தைத் தடுக்கின்றது. இத்தடையின் அளவுக்கு ஓம் என்று பெயர். ஜெர்மனி தேசத்துப் பள்ளி ஆசிரியராகிய ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட விதியின்படி, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினாலோ, சக்தி வாட் கணக்கில் கிடைக்கும். குதிரைச் சக்தி ஒன்றுக்கு 746 வாட்.

மறுநாள் காலையில் மோட்டாரை ஓடவிட்டு, வீட்டிலுள்ள மீட்டர் பெட்டியருகே வயர்மேனைக்கொண்டு அளக்கச் செய்தோம். 230 வோல்ட் இருந்தது. உடனே கிணற்றடிக்குச் சென்று அளந்தால் 206 வோல்ட்! கம்பியில் ஓடிய மின்சாரம் 12 ஆம்பியர். மோட்டாரை நிறுத்தியதும் கிணற்றடியிலும் 230 வந்துவிட்டது. வயர்மேன் முன்பு பொய் சொல்லவில்லை. மோட்டார் ஓடாதபோது அளந்திருக்கிறார், அவ்வளவே. ஓட்டமில்லாத கம்பியில் அழுத்தம் குறைவதற்கு இடமில்லை.

ஆக, வழியில் இழந்தது 24 வோல்ட். அதை 12 ஆம்பியரால் வகுக்க, கம்பியின் தடை 2 ஓம். இக்கணக்கைக் கம்பியைக்கொண்டே சரிபார்க்கலாம். அவர் போட்டிருந்தது இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அதன் தடை ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 7 ஓம். கிணறு 140 மீட்டர் தூரம். மின்சாரம் போவதற்கு ஒரு கம்பியும் திரும்புவதற்கு ஒரு கம்பியும் வேண்டுமாதலால் 280 மீட்டர் என்று கொள்ளவேண்டும். (திரும்பும் கம்பியை மறந்துவிடுகிறவர்களே அநேகர்.) அதன் தடையும் ஏறக்குறைய 2 ஓம் ஆகின்றது. அளந்து கண்டது 3 ஓமாக இருந்திருப்பின், மிகுதி ஒரு ஓம் முறுக்கி விட்ட ஏதோவொரு மூட்டில் ஒளிந்திருக்கிறது என்று தேடியிருப்போம். இங்கே குற்றம் கம்பியின் மெலிவில்தான் இருந்தது.

இனி நஷ்டத்தைப் பார்ப்போம். 24 வோல்ட்டை 12-ஆல் பெருக்க 288 வாட். அவ்வளவும் கம்பியைச் சூடேற்றுவதிலேயே போகின்றது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் இறைத்தால், முப்பது நாளில் ஏறக்குறைய 52 யூனிட். கட்டணமுள்ள இணைப்பாயின் பணம் வீண். கட்டணமில்லாத இணைப்பாயினும் காயில் கட்டும் கூலியும், நீரின்றி வாடிய பயிரும் குடியானவரையே சாரும்.

காயில் எரிந்த காரணமும் இதுவே. அம்மோட்டாரின் தகட்டில் 230 வோல்ட், 10 ஆம்பியர் என்று பொறித்திருந்தது. அழுத்தம் குறைந்தாலும் பம்பின் பாரம் ஏறக்குறைய அப்படியே நிற்பதால், மோட்டார் கூடுதல் ஆம்பியரை இழுத்துக்கொள்கின்றது. காயிலின் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10-ஐ 10-ஆல் பெருக்க 100. 12-ஐ 12-ஆல் பெருக்க 144. ஆம்பியர் ஐந்தில் ஒரு பங்கு ஏற, சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகின்றது. இரண்டு முறை காயில் கட்டியவர் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது நமக்கு வியப்பாகவே இருந்தது.

தோட்டக்காரர் ஆறு சதுர மில்லிமீட்டர் கம்பி வாங்கிப் போட்டார். தடை 2 ஓமிலிருந்து சுமார் 0.83 ஓமாக இறங்கிற்று. இப்பொழுது மோட்டார் 10 ஆம்பியரை ஒட்டியே எடுக்கின்றது. வழியில் குறைவது சுமார் 8 வோல்ட். மனு கொடுக்கப்படவில்லை. மின்சாரக் குறைவென்று இத்தகைய மனு வருமிடத்துக் கிராம அதிகாரிகள், மோட்டார் ஓடும்போது மீட்டர் பெட்டியில் எத்தனை வோல்ட், மோட்டாரில் எத்தனை வோல்ட் என்று முதலில் கேட்பது நலம். மீட்டரிலேயே குறைவாயிருந்தால் மனு நியாயமானதே, தாமதியாது அனுப்பவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இவ்வகுத்தல் கம்பிக்கே பொருந்தும். மோட்டாரின் 206 வோல்ட்டை 12-ஆல் வகுத்து, வரும் 17-ஐக் காயிலின் தடை என்று கொள்ளலாகாது. சுழலும் மோட்டார் வெறுங்கம்பியன்று. மோட்டார் எடுக்கும் சக்தியைக் கணக்கிடும்போதும் பெருக்கி வந்த தொகையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே நிற்கும். மூன்று பேஸ் மோட்டாராயின், இரண்டு பேஸ்களுக்கு இடையிலுள்ள வோல்ட்டையும் ஒரு கம்பியின் ஆம்பியரையும் பெருக்கி, 1.732-ஆலும் பெருக்கிய பின்னரே இப்பங்கைக் கழிக்கவேண்டும். ஓடும் மோட்டாரில் அளப்பதைப் பயிற்சி பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடவேண்டும்; எண்களைக் குறித்துக்கொள்வது மட்டும் நம் வேலை.