லீக் ஆகிற வால்வு: கிளிப்பா, ஆபரேஷனா, மாத்திரையா?

வேலூர்னு சொன்னாலே எல்லாரும் சி.எம்.சி. இருக்கிற வேலூரைத்தான் நினைப்பாங்க. நான் சொல்றது எங்க பரமத்தி வேலூர். நாமக்கல் மாவட்டம், காவிரிக் கரை, வெத்தலைக் கொடிக்கால். அங்க இதய வால்வைப் புரிய வைக்கிறது ரொம்ப ஈஸி. கிணத்து பைப்போட அடியில ஃபுட் வால்வு இருக்கும்ல? ஏறின தண்ணியைத் திரும்ப இறங்க விடாது. அது லீக் ஆனா மோட்டார் ஓடிட்டே இருக்கும், தண்ணி ஏறாது.

இதயத்தோட இடது பக்கம் இருக்கிற மைட்ரல் வால்வுக்கும் அதே வேலைதான். அது சரியா மூடலன்னா, உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்துல ஒரு பங்கு நுரையீரல் பக்கமா திரும்பிடும். நடந்தா மூச்சு வாங்கும், படுத்தா முட்டும், கால் வீங்கும். எங்க அமுச்சி "வயசாச்சு சாமி"ன்னு சொல்லியே ரெண்டு வருஷம் ஓட்டிட்டாங்க.

முன்னாடி எல்லாம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்றதுதான் வழி. 1990களோட தொடக்கத்துல இத்தாலி சர்ஜன் ஆல்ஃபியேரி, வால்வோட ரெண்டு இதழையும் நடுவுல சேர்த்துத் தையல் போட்டார். ஒரு வாசல் ரெண்டு சின்ன வாசலாச்சு, லீக் குறைஞ்சது. அதே ஐடியாவை வச்சு வந்ததுதான் மைட்ராகிளிப். தொடையில இருக்கிற ரத்தக்குழாய் வழியா உள்ள போய், துடிச்சிட்டிருக்கிற இதயத்துலயே கிளிப் மாட்டுவாங்க.

அப்போ எல்லாருக்கும் மாட்டிடலாமான்னு கேப்பீங்க. இங்கதான் கதை சுவாரஸ்யமாகுது. 2018-ல, இதயம் பலவீனமாகி அதனால வால்வு லீக் ஆனவங்களை வச்சு நடந்த ரெண்டு பெரிய ஆய்வோட முடிவுகள் வந்துச்சு. கோஆப்ட் ஆய்வுல 614 பேர். ரெண்டு வருஷத்துல, மாத்திரை மட்டும் எடுத்தவங்கள்ல 46.1% பேர் இறந்தாங்க. கிளிப்பும் சேர்த்துப் போட்டவங்கள்ல 29.1%. பிரான்ஸ்ல 304 பேரை வச்சு நடந்த மைட்ரா-எஃப்.ஆர். ஆய்வுல பலனே தெரியல. கிளிப் ஒண்ணுதான், நோயாளிகள்தான் வேற. கோஆப்ட்ல மாத்திரைகளை முழு அளவுக்குக் கொடுத்துப் பார்த்து, அப்பவும் லீக் குறையலன்னு ஒரு குழு உறுதி செஞ்சவங்களைத்தான் சேர்த்தாங்க. என்னைக் கேட்டா, அந்தக் குழுவும் சிகிச்சையில ஒரு பாதி.

ஹார்ட் டீம்னு சொல்றது அதைத்தான். மாத்திரையைச் சரிபண்ற கார்டியாலஜிஸ்ட், கிளிப் மாட்டுறவர், சர்ஜன், எக்கோ பாக்கிறவர், மயக்க மருந்து டாக்டர் எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுவாங்க. தனித்தனியா போனா, அவங்கவங்க கையில இருக்கிற வைத்தியத்தைத்தான் முதல்ல நினைப்பாங்க. அது மனுஷ இயல்பு. நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால தடிச்சு, சுருங்கிப்போன வால்வுகள் இங்க நிறைய. அதுல கிளிப் பெரும்பாலும் ஒத்துவராது, ஆபரேஷன்தான்.

அமுச்சிக்கு ருமாட்டிக் இல்ல, இதயம்தான் வீங்கியிருந்துச்சு. கோயமுத்தூர்ல டீம் உக்காந்து எடுத்த முடிவு: இப்போதைக்கு எதுவும் வேண்டாம், மாத்திரையைப் படிப்படியா ஏத்திட்டு மூணு மாசம் கழிச்சு எக்கோ. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்"னு மாமாவுக்குக் கோபம். மூணாவது மாச எக்கோல லீக் ஒரு படி இறங்கியிருந்துச்சு. அடுத்த எக்கோ தை மாசம். அன்னைக்கும் கிளிப் பத்தின பேச்சு வரும், அதே மேசையில.