எந்தச் சான்றிதழ் சோறு போடும்?

தாம்பரத்திலிருந்து தெற்கே புகைவண்டியில் செல்வோர் மறைமலைநகரைக் கடந்ததும் சிங்கப்பெருமாள் கோவிலை அடைகின்றனர். குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் ஆலயத்தால் பெயர்பெற்ற ஊர் இது. இன்றோ ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும் சாலை பிரிகின்ற இடமாகவே பலரும் இதனை அறிவர். விடியற்காலையிலேயே ஆலைப் பேருந்துகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு அச்சாலையில் திரும்புகின்றன. இத்தகைய ஊர்களின் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரங்களைச் சற்று நின்று படிப்போமாயின் ஓர் உண்மை விளங்கும். ஆறு மாதப் பயிற்சி, மூன்று மாதப் பயிற்சி, முடித்தவுடன் வேலை என்று அவை கூறுவதெல்லாம் வெவ்வேறாயினும், “சான்றிதழ் வழங்கப்படும்” என்ற ஒரு வாக்கியம் மட்டும் எதிலும் தவறுவதில்லை.

யார் வழங்கும் சான்றிதழ் என்பதை அவ்விளம்பரங்கள் சொல்வதில்லை. நம்மவருள் பலர் கேட்பதுமில்லை. பிள்ளையின் படிப்புக்கென நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோர், கட்டடத்தைப் பார்க்கின்றனர், கணிப்பொறிகளை எண்ணுகின்றனர், கட்டணத்தைத் தவணையில் செலுத்தலாமா என விசாரிக்கின்றனர். முதலில் கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது.

சான்றிதழ் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கின்றோம். இன்னார் இத்தனை மாதம் எம்மிடம் வந்து படித்தார் எனப் பயிற்சி நிலையம் தானே எழுதிக் கொடுப்பது ஒன்று. இன்னாரைச் சோதித்தோம், இத்தொழிலை இந்த அளவுக்குச் செய்ய வல்லவர் எனக் கற்பித்தவரல்லாத வேறொருவர் உரைப்பது மற்றொன்று. இவரன்றிப் பிறர் இவ்வேலையைச் செய்யலாகாது எனச் சட்டத்தின் துணையோடு அளிக்கப்படும் உரிமம் மூன்றாவது. தாளும் முத்திரையும் மூன்றிலும் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் வேலை கொடுப்பவன் கண்ணுக்கு அவற்றிடையே உள்ள தொலைவு பெரிது.

இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டு தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த விடுமுறையில் தட்டச்சு நிலையத்துக்கு அனுப்பப்படாத பிள்ளை நம் குடும்பங்களில் ஒரு காலத்தில் அரிது. மாலை வேளையில் மாடியறை ஒன்றிலிருந்து வரும் அந்த ஓசை தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் ஓசையாகவே இருந்தது. அந்நிலையங்களை நடத்தியோர் சிறிய மனிதர்கள். சிலரிடம் இருந்தவை பத்துப் பன்னிரண்டு பழைய எந்திரங்களே. எனினும் அங்கே பயின்றவரின் சான்றிதழை மாநிலத்தின் எந்த அலுவலகமும் ஐயுற்றதில்லை. காரணம், சொல்லிக் கொடுத்தவர் சான்றிதழ் கொடுப்பதில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வுக்கு மாணவர் செல்லவேண்டும். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என வேகம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. மணி அடித்தவுடன் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கையை எடுத்துவிடவேண்டும், பிழைகள் எண்ணப்படும். ஆசிரியருக்கு வேண்டியவர் என்பதற்காக அங்கே ஒரு சொல்லும் கூடுவதில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாகத் தட்டச்சர் பதவிக்குச் செல்வோர்க்கு இச்சான்று இன்றியமையாதது. அலுவலகங்களில் எந்திரம் மாறிக் கணிப்பொறி வந்தபோதும் அதன் மதிப்புக் குன்றாமைக்கு, சோதித்தவர் வேறு என்ற அந்த ஒரு விதியே காரணம் என நாம் கருதுகிறோம்.

செர்மனி நாட்டிலும் தொழிற்கல்வி இவ்விதியின்மேல்தான் நிற்கிறது. அங்கே இளைஞர் ஆலையிலும் தொழிற்பள்ளியிலுமாக மாறி மாறிப் பயின்றாலும், இறுதித் தேர்வை நடத்துவது ஆலையுமன்று, பள்ளியுமன்று. முதலாளிகள், தொழிலாளர்கள், ஆசிரியர்கள் ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்த குழுவின் மூலம் தொழில் வணிகக் கழகம் அதனை நடத்துகிறது. ஆதலால் ஓர் ஊரில் பெற்ற சான்று மற்றோர் ஊரின் ஆலையிலும் செல்லும்.

நம் நாட்டில் இதற்கு நிகரானது ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தின் வழி. கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கிற்று. 1956-இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைந்தது. என்.சி.வி.டி. என்பது அக்குழுவின் பெயரே. ஒழுங்குமுறைப் பொறுப்பு 2018-இல் அறிவிக்கப்பட்ட புதிய குழுவுக்கு மாறிவிட்டதாயினும் மக்கள் வாயில் வழங்குவது பழைய பெயர்தான். பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகிய பிரிவுகளுக்கு இரண்டாண்டு, வெல்டருக்கு ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவரும் வெல்டர் பிரிவில் சேரலாம். அகில இந்தியத் தொழிற்தேர்வில் வென்றவர்க்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது. மாநிலக் குழு மட்டும் வழங்கும் எஸ்.சி.வி.டி. சான்றும் உண்டு. சேருமுன் இவ்விரண்டில் எது கிடைக்கும் எனக் கேட்டறிவது நலம்; ஒரே நிலையத்திலும் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே இசைவு இருந்தாகவேண்டும் என்பதில்லை.

நம் பகுதியினர்க்கு இது எட்டாத கனியுமன்று. செங்கற்பட்டிலும் கிண்டியிலும் ஒரகடத்திலும் அரசு நிலையங்கள் உள்ளன. மாநிலத்தின் 71 அரசு நிலையங்களில் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து எந்திர மனிதக்கை போன்ற புதுக் கருவிகளில் பயிற்சி தர ஏற்பாடாயிற்று. தனியார் பயிற்சிக்குப் பெருந்தொகை கட்ட முன்வருவோர் அரசு நிலையத்தைக் கேவலமாக எண்ணுவது நமக்கு விளங்காத புதிர்களுள் ஒன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும் பலர்க்குத் தெரிவதில்லை.

ஐ.டி.ஐ. முடித்தபின் ஆலையில் தொழிற்பழகுநராக ஓராண்டு பணிபுரிந்து, அதற்குரிய தேர்விலும் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிட்டும். இது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வருவது. முப்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்தாகவேண்டும் என 2019-இல் விதி திருத்தப்பட்டது. பழகுநர்க்கு உதவித்தொகை உண்டு. பயிற்சி முடிந்ததும் அதே ஆலையில் வேலை என்ற உறுதி இல்லை. இதனை முன்பே அறிந்து செல்பவர் ஏமாற்றம் அடையார்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. “டிரெய்னி” என்ற பெயரில் சேர்க்கப்படும் எல்லாரும் சட்டப்படிப் பழகுநர் அல்லர். சட்டப்படி என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும், அது அரசிடம் பதிவாகியிருக்கும், முடிவில் தேர்வும் சான்றும் இருக்கும். இவை எதுவும் இன்றி ஓரிரண்டு ஆண்டு ஒரே எந்திரத்தின்முன் நின்று, ஒரே திருகாணியை முடுக்கிவிட்டு வெளியேறும் இளைஞனிடம் கைப்பழக்கம் இருக்கிறது. அதைப் பிறர்க்கு மெய்ப்பிக்கும் வழி இல்லை.

மறைமலைநகரின் போர்டு கார் ஆலை உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்ததையும், 2022 சூலையில் உற்பத்தி நின்றதையும் இப்பகுதி மறந்திருக்காது. எவ்வளவு பெரிய ஆலையும் நிலையானதன்று. நிறுவனம் தரும் அனுபவச் சான்று அந்நிறுவனத்தின் பெயரைச் சொல்லும். தொழிற்சான்றோ தொழிலாளியின் தொழிலைச் சொல்லும். ஆலையின் வாயில் மூடப்படும் நாளில்தான் இவ்வேறுபாடு ஒரு குடும்பத்தின் உலையில் தெரிகிறது.

இனி மூன்றாவது வகை. மின்சார வேலையை எடுத்துக்கொள்வோம். ஸ்விட்சைப் பூட்டத் தெரிந்தவரெல்லாம் எலக்ட்ரீஷியன் என்பது நம் ஊர் வழக்கு. சட்டம் அவ்வாறு கருதவில்லை. மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்யவேண்டும் என்பது விதி. அத்தகுதிச் சான்றுகளைத் தமிழ்நாட்டில் வழங்குவது கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறும் கடற்கரை வண்டியே கிண்டியில் கொண்டுபோய் இறக்கும். மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாள், மேற்பார்வையாளர் எனப் படிகள் உள்ளன. சான்று பெற்றவர் தவறிழைத்தால் அச்சான்றைப் பறிக்க ஓர் இடம் இருக்கிறது. சான்றில்லாதவர் தவறிழைத்தால் வீட்டுக்காரர் யாரிடம் முறையிடுவார்? புது வீடு கட்டும் குடும்பத்தினர் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவாக இருத்தலாகாது. நிலக்கம்பி சரியாகப் பதிக்கப்படாத வீட்டில் ஈரக் கையோடு நீர் சூடேற்றியைத் தொடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

பாய்லர் எனப்படும் கொதிகலனும் இத்தகையதே. 1923-ஆம் ஆண்டுச் சட்டமே தகுதிச் சான்று பெற்றவர் பொறுப்பிலன்றிக் கொதிகலனை இயக்கலாகாது எனத் தடுத்தது. 2025-இல் அதற்கு மாற்றாகப் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. சாயப்பட்டறை, அரிசி ஆலை, மருந்துத் தொழிற்சாலை எங்கும் இச்சான்று பெற்றவர்க்கு இடமுண்டு. தணிக்கையாளர் தொழிலும் அவ்வாறே 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுவது. அதன் தேர்வுகள் கடினமாயினும் கல்லூரிக் கட்டணத்தை நோக்கச் செலவு குறைவு.

பெண்மக்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டியுள்ளது. செவிலியர் பணி நம் குடும்பங்கள் மதித்துப் போற்றும் பணி. அம்மதிப்பையே முதலாக வைத்துச் சிலர் வாணிபம் செய்கின்றனர். ஆறு மாதம், ஓராண்டு எனப் பயிற்சி, வெள்ளைச் சீருடை, “நர்சிங்” என்ற சொல் எங்காவது ஓரிடத்தில் வரும்படியான பெயர். முடித்துவந்த பெண் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அக்குழுமத்தில் பதிவு பெறாதவர் சட்டத்தின்முன் செவிலியர் அல்லர். பட்டப்படிப்பு நான்காண்டு, செவிலியர் பட்டயம் மூன்றாண்டு, துணைச் செவிலியர் பயிற்சி இரண்டாண்டு. இவற்றுக்குக் குறுக்கு வழியில்லை. குறுகிய பயிற்சி பெற்றவர் நோயாளிக்குத் துணையிருக்கும் உதவியாளராகப் பணியாற்றலாம், அது இழிவன்று. ஆனால் உதவியாளர் பயிற்சி என்று சொல்லியே பணம் வாங்கவேண்டும். அரசு மருத்துவமனையோ வளைகுடா நாடோ பதிவு எண்ணைக் கேட்கும்போது மௌனமாக நிற்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். சேர்க்கைக்கு முன்பே குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் அக்கல்லூரியின் பெயர் உள்ளதா எனப் பார்ப்பது ஒரு நாள் வேலைகூட அன்று.

சான்றிதழே எல்லாம் என நாம் கூறவில்லை. பற்றவைப்புத் தொழிலைக் கேளுங்கள். ஐ.டி.ஐ. சான்றோடு செல்லும் வெல்டரிடம், உயரழுத்தக் குழாய் வேலையாயின், அங்கேயே ஒரு மாதிரித் துண்டைப் பற்றவைக்கச் சொல்வர். அதனை வளைத்தும் ஊடுகதிரில் பார்த்தும் சோதிப்பர். தேறினால் அந்த வகை வேலைக்கு மட்டும் தகுதி. வேலையைச் சில காலம் விட்டிருந்தால் மறுபடியும் சோதனை. தாள் அவரைச் சோதனைக் கூடத்தின் வாயில்வரை அழைத்துச் செல்கிறது. உள்ளே பேசுவது கை.

அந்தக் கை இருந்தும் தாள் இல்லாதவர்கள் நம் பங்குகளில் ஏராளம். பதினைந்து வயதில் பட்டறையில் சேர்ந்து நாற்பது வயதில் தேர்ந்த கைவினைஞராக நிற்கும் அண்ணன்மார்களை நாம் அறிவோம். அவரிடம் தொழில் கற்றவன் சான்றிதழ் பெற்று அவருக்கே மேலாளாக வந்துவிடுகிறான். “இனிமேல் நாம் எங்கே படிப்பது” என்பது அவர்களுடைய வழக்கமான பதில். படிக்கச் சொல்லவில்லை, சோதனைக்கு வரத்தான் சொல்கிறோம். வயரிங் தொழிலில் ஐந்தாண்டுக்குக் குறையாத அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்க்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. அறிவிப்பு நாளிதழ்களில் வரும், விவரம் அரசு ஐ.டி.ஐ.யில் கிடைக்கும். அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தகுதியுடையோர் தனித்தேர்வராக எழுதவும் வழியுண்டு. முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் மைய அரசுத் திட்டமும் 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. நீண்ட பயிற்சிக்கு நிகராக அதனை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. ஆயினும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

கடைசியாகப் பெயர் விஷயம். நம் குடும்பங்களில் திருமுழுக்கில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என வழங்குவது உண்டு. அந்தோணிசாமி என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை அப்பெயருடையோர் அறிவர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒன்றும் ஆதாரில் ஒன்றும் தொழிற்சான்றில் இன்னொன்றுமாக எழுத்துகள் மாறி நின்றால், கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் அலையவேண்டி வரும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பெயர், பிறந்த நாள், தந்தை பெயர் மூன்றையும் பழைய தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிழையிருப்பின் வழங்கிய அலுவலகத்திலேயே திருத்தக் கேளுங்கள். பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் அரசு எழுதுபொருள் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் வெளியிடச் செய்யவேண்டும். அவ்விதழின் படிகள் சிலவற்றைச் சான்றிதழ்களோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது.