பிளஸ் டூ கெமிஸ்ட்ரி: 70 மார்க் எங்கே இருக்கு? வினாத்தாள் கணக்கும் படிக்கும் வழியும்!

"ரெண்டு வால்யூம், 15 பாடம்... எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை!" வேதியியல் தேர்வு நெருங்கினால் பிளஸ் டூ மாணவர்கள் பலரிடம் கேட்கும் புலம்பல் இது. வினாத்தாளின் அமைப்பு புரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

பாஸ் மார்க் எவ்வளவு?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் எழுத்துத்தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என மொத்தம் 100 மார்க். தேர்ச்சி பெற 35 வேண்டும். அதில் எழுத்துத்தேர்வில் மட்டும் குறைந்தது 15 எடுக்க வேண்டும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுசாக 30 வாங்கிவிட்டு, எழுத்துத்தேர்வில் 14 எடுத்தால் மொத்தம் 44 வந்தும் ஃபெயில்தான்.

வினாத்தாள் எப்படி இருக்கும்?

* 1 மார்க்: 15 கேள்விகள், சாய்ஸ் கிடையாது
* 2 மார்க்: 9-ல் 6 (24-வது கட்டாயம்)
* 3 மார்க்: 9-ல் 6 (33-வது கட்டாயம்)
* 5 மார்க்: 5 கேள்விகள், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு

கட்டாயக் கேள்வி கணக்காக வரலாம். அதனால் கணக்கை மொத்தமாக ஒதுக்குவது ரிஸ்க்.

எதை எப்படி படிக்கலாம்?

முதலில் புக் பேக் ஒரு மார்க் கேள்விகளை முடித்துவிடுங்கள். அடுத்து வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை, மின் வேதியியல் கணக்குகள். உதாரணமாக, முதல் வகை வினையின் அரை ஆயுள் காலம் வேண்டுமா? 0.693-ஐ வேக மாறிலியால் வகுத்தால் போதும். வேக மாறிலி நிமிடத்துக்கு 0.0693 என்றால் விடை 10 நிமிடம். 'நிமிடம்' என்ற அலகை விட்டுவிடாதீர்கள்.

கரிம வேதியியலை மனப்பாடம் செய்தால் குழம்பும். காரணத்தைப் பிடியுங்கள். ஆல்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கா? அசிட்டால்டிஹைடு போல இருந்தால், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஆல்டால் குறுக்கம். பென்சால்டிஹைடு போல இல்லாவிட்டால், அடர் கரைசலில் கன்னிசாரோ வினை. படித்ததும் சமன்பாட்டை ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.

கட்-ஆஃப் கவனம்!

இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-ல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இங்கே 1 மார்க் போனால் கட்-ஆஃபில் அரை மார்க் போச்சு. விரும்பிய கல்லூரியை அந்த அரை மார்க்கே தள்ளிவிடலாம்.

தேர்வறையில் வினாத்தாளை வாசிக்கத் தரும் 10 நிமிடத்தில், எந்தச் சாய்ஸை எழுதுவது என்று முடிவு செய்துவிடுங்கள். நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுதுங்கள்!