ரயில் வருவதற்கு முன் நிலக்கரி எப்படிப் போனது? தாகூரின் தாத்தா நடத்திய கம்பெனியின் கதை

2022 கோடை ஞாபகம் இருக்கா? அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி ரயில்கள் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பயணிகள் ரயில் சேவைகளை ரயில்வே ரத்து செய்தது. பூமியிலிருந்து எடுப்பதைவிட, எடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. இந்தியாவின் நிலக்கரித் தொழில் பிறந்ததே இந்தச் சிக்கலோடுதான்.

இன்றைய மேற்கு வங்கத்தில் உள்ள ராணிகஞ்ச் பகுதியில் 1774-லேயே சம்னர், ஹீட்லி என்ற இரு ஆங்கிலேயர்கள் சுரங்கம் தோண்டினார்கள். அது பெரிதாக எடுபடவில்லை. கல்கத்தாவுக்கு நீராவிக் கப்பல்கள் வந்த பிறகுதான் நிலக்கரிக்கு மவுசு கூடியது. அலெக்சாண்டர் அண்ட் கோ திவாலானதும், அதன் ராணிகஞ்ச் சுரங்கத்தை 1836-ல் 70,000 ரூபாய்க்கு வாங்கியவர் துவாரகநாத் தாகூர். ஆமாம், ரவீந்திரநாத்தின் தாத்தாதான். கல்கத்தாவில் கப்பல்களை இழுக்கும் நீராவிப் படகுக் கம்பெனியையும் அவரது கார், தாகூர் நிறுவனமே நடத்தியது. சொந்தச் சரக்குக்குச் சொந்தக் கஸ்டமர்!

ஆனால் சரக்கு தாமோதர் நதி வழியாகத்தான் வர வேண்டும். மழைக்காலத்தில் மட்டும்தான் அதில் படகு ஓட்டுமளவுக்குத் தண்ணீர் இருக்கும். வருஷம் முழுக்க வெட்டியதை அந்தச் சில மாதங்களில் படகில் ஏற்றி, கீழே ஆம்தாவில் குவித்து வைத்து, அங்கிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். மழை பொய்த்தால் சரக்கு கரையிலேயே கிடக்கும். வெள்ளம் வந்தால் படகோடு போகும். அதனால் சுரங்கத்தைவிடப் படித்துறையும் படகோட்டிகளும் யார் கையில் என்பதில்தான் போட்டி. முக்கியப் போட்டியாளர் கில்மோர், ஹாம்ஃப்ரே நிறுவனம். கடைசியில் 1843-ல் இருவரும் இணைந்தார்கள். அப்படி உருவானதுதான் பெங்கால் கோல் கம்பெனி.

துவாரகநாத் 1846-ல் லண்டனில் இறந்தார். 1848-ல் கார், தாகூர் நிறுவனமும் நொடித்தது. பெங்கால் கோல் மட்டும் தப்பியது. 1855-ல் ஹவுராவிலிருந்து ராணிகஞ்சுக்கு ரயில் ஓடத் தொடங்க, மழைக்காகக் காத்திருக்கும் வேலை முடிந்தது. சுமார் 195 கிலோமீட்டர் தூரம் அது. இதில் ஒரு வேடிக்கை: நிலக்கரி வயல்களுக்கு ரயில் வேண்டும் என்று முன்பே முயன்றவர்களில் துவாரகநாத்தும் ஒருவர்.

1970-களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. தண்ணீர் வழி மட்டும் முழுசாக மறையவில்லை. ஒடிசாவின் தால்சேரில் எடுக்கும் நிலக்கரி இன்றும் பாரதீப் துறைமுகம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது.