பதினாறு கிலோபைட்டுக்குள் ஒரு டைனோசார்

குரும்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைகளைப் பார்த்திருப்பீர்கள். கதிர் பிடிக்கும் பருவத்தில் பயிர் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். உள்ளே நுழைந்துவிட்டால் ஓரிரு சாலுக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆனால் கிணற்று மேட்டு மரத்தில் ஏறிப் பார்த்தால் கொல்லை முழுவதும் தெரியும்.

புதிர்ப்பாதை விளையாட்டுகளிலும் இந்த இரண்டு பார்வைகள் உண்டு. 1980இல் ஜப்பானில் வந்த பேக்மேன், மரத்தின் மேலிருந்து பார்ப்பது. கொல்லைக்குள் நின்று பார்ப்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ‘த்ரீ-டி மான்ஸ்டர் மேஸ்’. பிரிட்டனில் மால்கம் எவன்ஸ் 1981இல் எழுதிய இந்த விளையாட்டு 1982இல் வெளிவந்தது. சந்துகளில் ஒரு டைனோசார் உலவும். அதனிடம் சிக்காமல் வெளியேற வேண்டும்.

இது ஓடியது இசட்-எக்ஸ் 81 என்ற சிறிய வீட்டுக் கணிப்பொறியில். அதன் நினைவகம் 1 கிலோபைட், அதாவது 1,024 எழுத்துகள்தாம்! பின்புறம் ஒரு பெட்டியைச் செருகி 16 கிலோபைட் ஆக்கிய பிறகே இவ்விளையாட்டு ஓடும். அந்தப் பெட்டி சற்று ஆடினாலும் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். பொறிக்கு ஒலியும் கிடையாது. ஆகவே, காலடி நெருங்குகிறது என்பதைக்கூடத் திரையில் எழுத்தில்தான் காட்டினார்கள்.

இவ்வளவு சிறிய இடத்தில் புதிர்ப்பாதை எப்படி அடங்கியது? பாதையில் 16 × 18 = 288 கட்டங்கள். ஒவ்வொன்றும் சுவரா, வழியா என்று குறித்தால் போதும். கட்டத்துக்கு ஒரு பிட் என்றால் 36 பைட்டில் முடிந்துவிடும். சுவர்களின் தோற்றத்தை ஒவ்வோர் அடிக்கும் கணக்கிட்டு வரைந்துகொள்ளலாம்.

அந்தக் கணக்கு உங்கள் வடிவொத்த முக்கோணப் பாடம்தான். பொருள் தோன்றும் உயரம் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இசட்-எக்ஸ் 81 திரையில் 24 வரிகள். ஒரு கட்டத் தொலைவில் உள்ள சுவர் 24 வரி உயரம் என்று கொள்வோம். இரண்டு கட்டத்தில் அது 12, மூன்றில் 8, நான்கில் 6.

டைனோசாருக்கும் இதே கணக்கைப் போடுங்கள். எட்டுக் கட்டத்திலிருந்து ஏழுக்கு வந்தால், 3 வரி உயரம் மூன்றரை வரிகூட ஆகாது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தாலோ 12 வரி சட்டென்று 24 ஆகிவிடும். அது எடுத்து வைத்தது ஒரே அடிதான்! விளையாடுவோரை அலற வைத்தது இதுவே என்பது என் எண்ணம்.

பெரம்பலூர் வழியே செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலும் இதே கணக்குதான். தொலைவில் வரும் பேருந்து நெடுநேரம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். அதை நம்பிச் சாலையைக் கடக்கக் கால் வைத்தால், மறு நொடி அது பூதாகாரமாய் எதிரே நிற்கும்.

புதிர்ப்பாதையில் வெளியேற ஒரு பழைய வழி உண்டு. வலக் கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நடப்பது. வெளி வாயிலில் நுழைந்து மற்றொரு வெளி வாயிலைத் தேடினால் இது தவறாது. ஆனால் நடுவில் எங்கோ தொடங்கி, தனித்தீவாக நிற்கும் சுவரில் கை வைத்துவிட்டால், செக்குமாடுபோல் அதையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தாளில் வரைந்து பாருங்கள்.

பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில், கற்களைத் தரையில் பதித்து அமைத்த பழங்காலச் சுற்றுப்பாதை ஒன்று உள்ளது. இத்தகையவற்றை ஏழு சுற்றுக் கோட்டை என்றும் சொல்வர். அதில் கிளை வழியே இல்லை. வளைந்து வளைந்து சென்றாலும் பாதை ஒன்றே. வழி தவறவே முடியாது. பின்னால் டைனோசார் வந்தால் மட்டும் சங்கடம்!