சிரிக்கத் தெரிந்த முதல்வர். வயல்வெளியை மறக்காத நாயனார்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரிலிருந்து கண்ணூருக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 500 கி.மீ. நீளமுடையது. 2004-ஆம் ஆண்டு மே மாதம் அந்தச் சாலையின் இருமருங்கிலும் மக்கள் திரண்டு நின்றனர். மூன்று முறை முதல்வராக இருந்த ஈ.கே. நாயனாரின் உடல், அவ்வழியே சொந்த மாவட்டத்துக்குத் திரும்பிக் கொண்டிருந்தது.

மே 19-ஆம் தேதி மாலை தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனையில் அவர் காலமானார். மன்மோகன் சிங் பிரதமர் பதவிக்குத் தேர்வு செய்யப்பட்டதும் அதே நாளில்தான். அப்போதைய மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளில் 18-ஐ இடதுசாரி அணி கைப்பற்றியிருந்தது. மத்தியில் அமையவிருந்த அரசு இடதுசாரிகளின் ஆதரவை நம்பி நின்றது. தலைநகர் முழுவதும் ஆட்சி அமைப்புப் பேச்சில் மூழ்கியிருந்த வேளையில், அந்த வெற்றியைக் கொண்டாட வேண்டிய முதியவர் விடைபெற்றார்.

மறுநாள் திருவனந்தபுரத்துக்கு உடல் கொண்டுவரப்பட்டது. அஞ்சலி செலுத்த வந்தவர்களில் அவருடைய கட்சியைச் சேராதவர்களும் ஏராளம். அரசியலில் கடுமையாக மோதிக்கொள்ளும் மாநிலத்தில் ஒரு மார்க்சிஸ்ட் தலைவருக்கு இத்தகைய பிரியாவிடை கிடைத்ததற்குக் காரணம் அவருடைய சிரிப்புதான் என்று பலரும் கூறுவதுண்டு. ஆனால், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வடக்கே செல்ல வேண்டும்.

கல்யாசேரியில் தொடக்கம்

ஏரம்பாலா கிருஷ்ணன் நாயனார் 1919 டிசம்பர் 9-இல் கண்ணூரை அடுத்த கல்யாசேரியில் பிறந்தார். அன்று அப்பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. நெல் வயலும் தென்னந்தோப்பும் நிறைந்த அந்த ஊர்ப்புறங்களில், நிலம் ஒரு சிலரிடமும் உழைப்பு பலரிடமும் இருந்தன. வசதியான குடும்பத்தில் பிறந்த நாயனார், குத்தகை விவசாயிகளின் பக்கம் நின்றார்.

1938-இல் கல்யாசேரியில் சிறுவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பாலசங்கத்தின் முதல் நிர்வாகிகளுள் அவரும் ஒருவர். பின்னர் பாப்பினிச்சேரி ஆரோன் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திச் சிறை சென்றார்.

1941 மார்ச்சில் நடந்த கய்யூர் சம்பவம் அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பியது. விவசாயிகளின் ஊர்வலத்தின்போது காவலர் ஒருவர் ஆற்றில் மூழ்கி இறந்தார். இவ்வழக்கில் நாயனாரும் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். அவர் தலைமறைவானார். 1943 மார்ச் 29-இல் கண்ணூர் சிறையில் நான்கு விவசாயத் தோழர்கள் தூக்கிலிடப்பட்டனர். சிக்கியிருந்தால் அவருக்கும் அதே கதி நேர்ந்திருக்கக்கூடும்.

கூரை நிலையில்லாத அந்த ஆண்டுகளில் ஊர் ஊராக அலைந்து, உழவர் குடிசைகளில் உண்டு உறங்கினார். திருவனந்தபுரத்தில் பத்திரிகை அலுவலகத்தில் பணிபுரிந்ததும் அக்காலத்தில்தான். யாரிடமும் உடனே ஒட்டிக்கொள்ளும் இயல்பும், நெருக்கடியிலும் நகைச்சுவை குன்றாத பேச்சும் அந்தத் தலைமறைவு நாள்களில் அவருக்குக் கைவந்தவை என்று கருத இடமுண்டு.

தமிழக வாசகர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1964-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சி உருவாக வழிவகுத்த 32 பேரில் என். சங்கரய்யாவுடன் நாயனாரும் இருந்தார்.

ரூ. 45 ஓய்வூதியம்

1980 ஜனவரியில் நாயனார் முதன்முறையாக முதல்வரானார். பல கட்சிக் கூட்டணியாகிய அந்த அரசு 1981 அக்டோபரில் கவிழ்ந்தது. இரண்டாண்டுகூட நீடிக்காத அந்த ஆட்சி விட்டுச் சென்ற ஒரு திட்டம், அதன் பிறகு வந்த எல்லா அரசுகளையும் கடந்து நின்றது. அதுவே விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம். தொடக்கத்தில் மாதம் 45 ரூபாய்.

தொகை சிறியதே. ஆயினும், வாழ்நாளெல்லாம் பிறர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவருக்கு, உடல் தளர்ந்தபின் அரசு கடமைப்பட்டிருக்கிறது என்பது அன்று புதிய கருத்து. ஓய்வூதியம் என்பது அரசு ஊழியருக்கு உரியது என்றே கருதப்பட்டு வந்தது. பின்னாளில் பலவகை நலத்திட்டங்களாக விரிந்த கேரளத்தின் சமூக நல ஓய்வூதியம், 2021-இல் மாதம் 1,600 ரூபாயை எட்டியிருந்தது. அதன் தொகை எவ்வளவு என்பது இன்று அங்கு தேர்தல் பிரச்னை. அது தேவையா என்று எக்கட்சியும் கேட்பதில்லை.

1987 முதல் 1991 வரை நடந்த இரண்டாவது ஆட்சியில் எழுத்தறிவு இயக்கம் முழுவீச்சில் நடத்தப்பட்டது. 1991 ஏப்ரல் 18-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் தொடங்கப்பட்டதும் (1990) அவ்வாட்சியில்தான். 1991-இல் முன்கூட்டியே தேர்தலைச் சந்திக்க அவர் எடுத்த முடிவு பலிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வீசிய அனுதாப அலையில் இடதுசாரி அணி ஆட்சியை இழந்தது.

தொலைபேசியில் முதல்வர்

1996 தேர்தலில் நாயனார் போட்டியிடவில்லை. மாராரிக்குளத்தில் வி.எஸ். அச்சுதானந்தன் எதிர்பாராத விதமாகத் தோற்றதால், மூன்றாவது முறையாக முதல்வர் பொறுப்பு அவரிடம் வந்தது. தலச்சேரி இடைத்தேர்தலில் வென்று பேரவைக்குள் நுழைந்தார்.

கேரள மக்கள் அவரை வீட்டுப் பெரியவராகக் கண்டது இக்காலத்தில்தான். ஏஷியாநெட் தொலைக்காட்சியில் பொதுமக்கள் தொலைபேசியில் முதல்வரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பட்டா கிடைக்கவில்லை, சாலை சரியில்லை என்று குறை சொன்னவர்களுக்கு, வடமலபார் பேச்சு வழக்கில், இடையிடையே கிண்டலுடன் பதில் சொன்னார். பல குரல் கலைஞர்கள் மேடைதோறும் அவரைப் போலப் பேசிக் கைதட்டல் பெற்றனர்.

1997-இல் வாடிகனில் போப் இரண்டாம் ஜான் பாலைச் சந்தித்தபோது, பகவத் கீதையைப் பரிசளித்தார். கடவுள் நம்பிக்கையற்ற கட்சியின் தலைவர் செய்த இச்செயல் பல நாள் பேசப்பட்டது. 1958-இல் அவர் மணந்த சாரதா, பள்ளி ஆசிரியை. கணவர் முதல்வராக இருந்தபோதும் கேரளம் அவரைச் "சாரதா டீச்சர்" என்றே அழைத்தது. நான்கு பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தின் வேர் கல்யாசேரியிலேயே இருந்தது.

சிரிப்பின் எல்லை

அவருடைய நகைச்சுவை எப்போதும் பாராட்டப்பட்டதில்லை. பெண்கள் மீதான வன்முறை குறித்து அவர் இலேசாகச் சொன்ன ஒரு கருத்து, மகளிர் அமைப்புகளின் கடும் கண்டனத்துக்கு ஆளானது. சிரித்துக் கடக்கக் கூடாத விஷயங்களும் உண்டு என்பதை அது நினைவூட்டியது.

அவர் பிறந்து வளர்ந்த வயல்வெளியும் அவர் கண்முன்னே சுருங்கியது. 1970-களின் நடுப்பகுதியில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெல் பரப்பு, 2001-இல் அவர் பதவியிலிருந்து இறங்கியபோது அதில் பாதிகூட இல்லை. 1997-இல் நெல் வயல்களில் வைக்கப்பட்ட மாற்றுப் பயிர்களை விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர் வெட்டி அழித்தனர்; அவருடைய அரசு தர்மசங்கடத்துக்கு உள்ளானது. தொழிலாளியின் முதுமைக்கு வழி கண்டவரால், அவர் உழைத்த வயலைக் காக்க முடியவில்லை.

இருப்பினும், 2001-இல் மக்கள் தோற்கடித்தது அவருடைய அணியைத்தான். அவர் மீதான அன்பு குறையவில்லை. மூன்று முறையும் சேர்த்து ஏறத்தாழ 11 ஆண்டுகள் முதல்வராக இருந்தவரின் உடலுக்கு, ஏ.கே. கோபாலன் நினைவிடம் அமைந்துள்ள கண்ணூர் பய்யாம்பலம் கடற்கரையில் அரசு மரியாதையுடன் எரியூட்டப்பட்டது.

2023-இல் உம்மன் சாண்டியும் 2025-இல் அச்சுதானந்தனும் திருவனந்தபுரத்திலிருந்து இதேபோல் சாலை வழியே, மணிக்கணக்கில் காத்திருந்த மக்களுக்கு நடுவே, ஊர் திரும்பினர். தலைவர்களைத் தலைநகருக்கு அனுப்பி வைக்கும் கிராமங்கள் இறுதியில் அவர்களைத் திரும்பக் கேட்கின்றன. நாயனாரைப் பொருத்தவரை, கல்யாசேரியை விட்டு அவர் மனம் ஒருநாளும் நீங்கியதில்லை. மாதம் பிறந்ததும் ஓய்வூதியத்தைக் கையில் வாங்கும் முதிய விவசாயத் தொழிலாளிக்கு அது தெரியும்.